செவப்பு இங்க் சாரும் திருத்தாத ஒரு வரியும்

கவிதை எழுதி ஊரை வதைத்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எழுதி, அச்சிட்டு, இலவசமாகவும் கொடுத்துவிட்டு, கொடுத்த புத்தகத்தைத் திருத்துவதற்காக வீடு வீடாகத் தேடி வந்து வதைத்தவர் ஒருவர்தான். அவர் அரியலூரில் இருந்தார். அவருடன் ஒரே அலுவலகத்தில் நான்கு வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது என்பது என் குலதெய்வத்தின் கருணை.

எழுபதுகளின் கடைசி அது. மாட்டாஸ்பத்திரியில் அவர் ஊசி போடுகிறவர், நான் எழுத்தர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் உதவியது. ஊருக்கு அவர் ‘செவப்பு இங்க்’ சார். சட்டைப் பையில் இருக்கும் சிவப்பு மைப் பேனா கசிந்து நெஞ்சில் கறையாகியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் மாடு முட்டிவிட்டதா என்று பதறிப்போய் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

அப்போதே மூன்று சின்னக் கவிதைப் புத்தகங்கள் போட்டிருந்தார். எந்த வீட்டில் பசுவுக்குப் பிரசவம் பார்த்தாலும், கன்று எழுந்து நின்றதும் ஒரு புத்தகம் கொடுத்துவிடுவார். பத்து நாளில் திரும்பவும் போய் நிற்பார். கன்றைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அவர்கள் மகிழ்வார்கள். அவர் கன்றைத் தாண்டி உள்ளே போய், பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல் சரியில்லை, புத்தகத்தை எடுங்கள் என்பார்.

கீழப்பழுவூரில் ஒரு கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அப்பாவைப் பரண் மேல் ஏறவைத்துப் புத்தகத்தை எடுத்து, பதினான்கு இடத்தில் திருத்திவிட்டுச் சாப்பிடாமல் போனார். பெரம்பலூர் வக்கீல் ஒருவர், தன் பிரதி தொலைந்துவிட்டதாகச் சத்தியம் செய்து தப்பித்தார். நூலகத்தில் ஒருமுறை கையும் பேனாவுமாகப் பிடிபட்டார். நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்றார் நூலகர். “இத எழுதுனதே நான்தாங்க” என்றார் இவர். “ஒரு தடவ எழுதுனது பத்தாதா?” என்று கேட்டு நூலகர் புத்தகத்தைப் பிடுங்கி வைத்தார்.

இப்படிப்பட்ட மனுஷர், பழைய கவிதைகளில் தேறியதோடு புதியவற்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுவது என்று முடிவெடுத்தார். இரண்டு வருஷம் போனது. காலையில் அறுபது கவிதை தேறும். மத்தியானம் அது பன்னிரண்டாகச் சுருங்கும். சாயங்காலம், விட்டுப்போனவை பாவம் என்று எல்லாவற்றையும் திரும்பச் சேர்ப்பார். தூக்கம் போனது. கன்னம் ஒட்டிப்போனது. ஊசி போடப் போன இடத்தில் மாட்டை விட்டுவிட்டுக் கட்டுத்தறிக்குப் போடப் பார்த்தார். புத்தகம் வருவதற்குள் இவர் போய்விடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அச்சாபீஸ்காரர் ஈய எழுத்துகளாகக் கோர்த்து வைத்த பக்கங்களை அச்சேற்றவும் முடியாமல், எழுத்துகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுக்கவும் முடியாமல் தவித்தார். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்கிட்ட இருக்கிற ‘ழ’ பூரா இவரு கவிதையில மாட்டிக்கிட்டு கெடக்குங்க. திருமழபாடிக் கல்யாணப் பத்திரிகைக்கு ஊர்ப் பேரு போட வழியில்ல. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிருவேன்.”

கொட்டினால் இரண்டு வருஷ வேலை போய்விடும். ஆனால் கவிஞருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கொள்ளிடத்தைப் பற்றிய ஒரு கவிதையை அவர் பதினோரு முறை மாற்றியிருந்தார். ‘ஆறு போய்விட்டது, மணல் இன்னும் நனைந்திருக்கிறது’ என்ற பழைய வரி, ‘ஆறு அகன்றது, மணல் ஈரம் சுமந்தது’ என்று ஆகியிருந்தது. பழைய வரி உள்ள பிரதி இன்னும் ஒன்று திருமழபாடியில் இருக்கிறது, அதைத் திருத்தாமல் புதுப் புத்தகம் வெளியே வரக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். வழியில் மயங்கி விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ் ஏறினேன்.

அந்தப் பிரதி அஞ்சலை என்பவரிடம் இருந்தது. ஆண்டாண்டு காலம் கூலிக்கு நடவு நட்டு, பிறகு இரண்டு கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றிப் பிழைப்பவர். நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டக் கற்றவர். அவர் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் இதுதான். செய்தித்தாளில் அட்டை போட்டு, அரிசிப் பானைமேல் வைத்திருந்தார்.

கவிஞர் பேனா மூடியைக் கழற்றினார். அஞ்சலை புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டார். இவர் புதிய வரியைச் சொன்னார்.

“அகன்றதுன்னா என்னங்க?”

“போயிடுச்சுன்னு அர்த்தம்.”

“அதத்தானே மொதல்லயே எழுதி வச்சிருக்கீங்க.”

எருமை ஒன்று இருமியது. அஞ்சலை அந்தக் கவிதையைப் புத்தகம் பார்க்காமல் கடைசிவரை சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “எழுத்துக் கூட்டிப் படிச்சு நான் முழுசா முடிச்ச மொத பக்கம் இதுங்க. இதுல மட்டும் கை வைக்காதீங்க சார்.”

கவிஞர் பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு அவர், பரீட்சை முடிவு கேட்கிற பையனைப்போல, மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டார். அஞ்சலை தயங்கவேயில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, இது நல்லாருக்கு, இது வெளங்கல, இத எழுதறப்ப ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லயா என்று பிரித்துப் போட்டார். முழுசாக ஒரு மணி நேரம். விளங்கவில்லை என்று சொன்னவற்றில் இரண்டுக்கு மட்டும் கவிஞர் வாதாடிப் பார்த்தார். ஒன்றில் ஜெயித்தார்.

தேறியவை முப்பத்தொன்று. மற்ற இரண்டு புத்தகங்களிலிருந்தும் புதியவற்றிலிருந்தும் அங்கேயே வாசித்துக் காட்டி ஒன்பதைச் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றையும் பட்டியலாக எழுதி மடித்து என் பையில் வைத்து, “நாளைக்கு நீங்களே அச்சாபீஸ்ல குடுத்துருங்க. என்கிட்ட இருந்தா மாத்திருவேன்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு விட்டேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். எவ்வளவு நாள் தூக்கமோ. கீழப்பழுவூரில் கூட்டம் ஏறியது, என் கை மரத்துப்போனது, கண்டக்டர் எழுப்பப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அரியலூர் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.