மாரியம்மனிடம் போன எலும்பு

எந்த டாக்டரை வேண்டுமானாலும் நம்பலாம். மஞ்சப்பையில் பிள்ளைகளின் தொடை எலும்பைப் போட்டுக்கொண்டு டீ குடிக்க வருகிறவரை எப்படி நம்புவது? சேலத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘பொம்மை டாக்டர்’ என்று பெயர். சொந்தப் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

என் பேத்தி கவினிக்கு எட்டு வயது. இடது கால் முட்டிக்கு மேலே உள்பக்கமாக வளைந்திருந்தது; நாலு எட்டு ஓடினால் விழுவாள். எலும்பை அறுத்து நிமிர்த்த வேண்டும் என்றார்கள். அறுக்கப் போகிற மனுசனோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்கேனிலிருந்து எடுத்த அவள் எலும்பின் படத்தை, கோழியை நெருப்பில் வாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி, கேம் ஆடறீங்களா?”

“ஆமாங்கம்மா. மூணு தடவ தோத்துட்டேனுங்க. மேல அறுத்தா காலு குட்டையாயிருது, கீழ அறுத்தா பாதம் திரும்பிக்குது.”

மறுநாள் காலையில் அதே எலும்பை மெஷினில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்து கொண்டுவந்தார்.

“நாளைக்கு இத அறுத்துப் பழகிட்டு, நாளன்னைக்கு பாப்பாளுக்கு ஆப்பரேசனுங்க.”

“அப்ப இதுக்கு முன்ன பழகுனதே இல்லீங்களா?”

“உங்க பாப்பா எலும்புல இல்லீங்க” என்று சிரித்தார். “சாயங்காலம் வரைக்கும் நீங்களே வெச்சுப் பாருங்க. பயம் போயிரும்.”

பயம் கூடியது. எங்கள் புதுச்சத்திரம் மாரியம்மன் கோயிலில், கால் நோவு என்றால் மண்ணில் கால் செய்து வைப்போம். கண் நோவு என்றால் கண். இங்கே பேத்தியின் எலும்பே அச்சு அசலாகக் கையில் இருக்கும்போது மண் எதற்கு? பஸ் ஏறிப் போய் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, “அந்த டாக்டரு மேல ஒரு கண்ணு வெச்சுக்க தாயே” என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். “எலும்பு எங்கீங்கம்மா?”

“எங்கூரு மாரியாத்தாகிட்டக் குடுத்துட்டனுங்க.”

“திருப்பி வாங்கிக்கலாங்களா?”

“சாமிக்குக் குடுத்தத ஆராச்சும் திருப்பிக் கேப்பாங்களா?”

திட்டப் போகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவரோ தாடையைச் சொறிந்தபடி யோசித்துவிட்டுக் கேட்டார்: “எடது காலுன்னு தெளிவாச் சொல்லிட்டு வந்தீங்களா?”

சொல்லவில்லை. அம்மன் நல்ல காலைப் பிடித்து நிமிர்த்திவிட்டால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே போய்விட்டது.

ஆப்பரேஷனை இரண்டு நாள் தள்ளிவைத்து இன்னொரு எலும்பு செய்தார். அறுத்தார், அளந்தார், பிறகுதான் பிள்ளையைத் தொட்டார். இப்போது கவினி ஓடினால் பிடிக்க எனக்குத்தான் கால் போதவில்லை.

நேர்த்திக்கடனுக்குப் போனபோது பார்த்தேன்: என் எலும்புக்குப் பக்கத்தில் ஆறேழு வெள்ளை எலும்புகள்.

“சேலத்து டாக்டருங்க” என்றார் பூசாரி. “கழுத்துல சிலுவ போட்டிருப்பாரே, அவருதான். ஆப்பரேசனுக்கு முந்தி ஒவ்வொரு கொழந்தைக்கும் ஒண்ணு வெச்சுட்டுப் போறாருங்க.”

ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில், கோணல் எழுத்தில், ‘இடது’, ‘வலது’. என்னுடையதிலும் எழுதியிருந்தார்.

அவருக்காகவும் வேண்டிக்கொள்ளலாம் என்று கை கூப்பினால், பெயர் தெரியவில்லை.

“நம்ம பொம்ம டாக்டருங்க தாயே” என்றேன். “அந்தப் புள்ள நல்லா இருக்கோணும்.”