மூன்றாம் பாகத்தில் சுக்கு, மிளகு, பெருங்காயம்

ஒரு காட்டில் எல்லார் வீட்டிலும் ஒரே புத்தகம் இருந்தது. பெயர் 'ஏழாறு கடந்தவள்'. குட்டியைக் கூட்டிக்கொண்டு ஏழு ஆறுகளைத் தாண்டிப்போன ஒரு பெண்யானையின் கதை. ஐந்து பாகம், கெட்டி அட்டை. புலி வீட்டிலும் இருந்தது, பூனை வீட்டிலும் இருந்தது. கண்ணாடி அலமாரியில், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் பத்திரமாக இருந்தது.

அதைப் படித்திருக்கிறீர்களா என்று அந்தக் காட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு. "மறுவாசிப்பு எந்த மட்டில் இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். "மூணாவது தடவை போயிட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு" என்று பதில் வரும். முதல் தடவை படித்த பிராணியைத்தான் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் காட்டில் குஞ்சிதபாதம் என்றொரு கரடி. தேன்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவருக்குக் காட்டில் என்ன மரியாதை? பதவியில் இருந்தபோது குனிந்து கும்பிட்ட முயல்கள், இப்போது அவரைக் கண்டால் புதருக்குள் நழுவிவிடும். அவருக்கு மிச்சம் இருந்தது வாசகர் வட்டம் ஒன்றுதான். மாலையானால் நாவல் மரத்தடியில் கூடுவார்கள். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, இஞ்சி டீ உண்டு, "ஐயா சொல்லட்டும்" என்று ஒரு வார்த்தையும் உண்டு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காலையில் எழுந்து பல் விளக்கினார்.

வட்டத்தின் தலைவர் புலவர் ஏகாம்பரம் என்ற ஆந்தை. அவர் ஒருநாள், "புத்தகத்தோட பொன்விழா வருது ஐயா. 'ஏழாறு கடந்தவள்' பத்திச் சிறப்புரை நீங்கதான்" என்றார்.

கரடி யோசித்தார். இதுவரை வாழ்த்துரைதான் வழங்கியிருக்கிறார். வாழ்த்துரைக்குப் பின்னட்டையில் இருப்பது போதும். சிறப்புரை என்பது ஒரு மணி நேரம். பின்னட்டையை எவ்வளவுதான் இழுத்தாலும் அவ்வளவு நீளாது. வேறு வழியே இல்லாமல், அந்தக் காட்டில் எந்தப் பிராணியும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்ய முடிவெடுத்தார். புத்தகத்தைப் படிப்பது என்று தீர்மானித்தார்.

உறையைக் கிழித்தார். படித்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் விபரீதம். புத்தகம் நன்றாக இருந்தது.

நன்றாக என்றால் சும்மா இல்லை. முதல் பாகம் முடிவதற்குள் கரடி இரண்டு வேளைச் சாப்பாட்டை மறந்தார். 'இவ்வளவு நல்லா இருக்குன்னு ஒரு பயலும் சொல்லலையே' என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷமாக அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

அவர் மனைவி வடிவாம்பாள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, கண்ணைத் துடைச்சிக்கிறீங்க?" என்றாள். அவர் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தார். கிழங்கு அப்படியே கிடந்தது. அன்று முதல் அவர் படிக்க, அவள் கேட்க, வீட்டில் சமையல் ஏனோதானோ என்று நடந்தது. யானைக்குட்டி நடக்கப் பழகியபோது வடிவாம்பாள் சிரித்தாள். அதற்குக் காய்ச்சல் வந்தபோது வேப்பிலை தேடினாள்.

மூன்றாம் பாகம். நாலாவது ஆறு. நட்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டது. குட்டியின் கால் தரையை விட்டது. கரடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாய் துதிக்கையை நீட்டினாள். குட்டி அதைப் பற்ற…" என்று படித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"…சுக்கு, மிளகு, பெருங்காயம் சம அளவு எடுத்து இடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மாட்டின் வாயைத் திறந்து மூங்கில் குழாயால் புகட்டவும்."

"மாடு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் வடிவாம்பாள்.

பதினாறு பக்கம் மாடுதான். அது முடிந்ததும் மூன்று கோடை கழிந்துவிட்டிருந்தது. பெண்யானை ஐந்தாவது ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். நாலாவது ஆற்றைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு வரி இருந்தது. கடைசிப் பாகத்தின் கடைசி வரி வரைக்கும் தேடியும் குட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கரடி பக்கத்து வீட்டு மானின் பிரதியை வாங்கிப் பிரித்தார். அதிலும் மாடு. புலவர் ஏகாம்பரத்திடம் ஓடினார். "ஐயா, நாலாவது ஆத்துல அந்தக் குட்டி பிழைச்சுதா?"

ஆந்தை கண்ணை மூடிக்கொண்டார். "அது சொல்ல வேண்டிய இடமில்ல ஐயா. உணர வேண்டிய இடம்."

பேராசிரியர் கொக்கிடம் போனார். அதே நூலை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் அவர். "நான் அதை அமைப்பியல் நோக்குல பார்க்கிறவன்" என்றார் கொக்கு. "கதைக்குள்ள எல்லாம் போறதில்ல."

கடைசியில் பதிப்பாளரிடம் போனார். தயாளன் என்ற நரி. தயாளன் பதறவே இல்லை.

"பைண்டிங்ல பக்கம் மாறிடுச்சு சார். அப்ப மாட்டு வைத்தியப் புத்தகம் ஒண்ணும் கூடவே ஓடிட்டிருந்துது. அதோட பக்கம் இதுல வந்துடுச்சு."

"அப்ப இதோட பக்கம் அதுல இருக்குமே!"

"இருந்துது. மாடு வச்சிருக்கிறவங்க படிக்கிறவங்க சார், மறுநாளே சண்டைக்கு வந்துட்டாங்க. அத்தனையையும் பழைய பேப்பர்ல போட்டுட்டேன்."

"கையெழுத்துப் பிரதி?"

"கரையான்."

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூடப் புகார் பண்ணலையா?"

"உங்களை விட்டா யாரும் அவ்வளவு தூரம் போனதில்ல சார்" என்று நரி உண்மையான வருத்தத்தோடு சொன்னது. "முதல் பதிப்பு சரியா இருந்துச்சு. கொஞ்சம் பிரதிதான். அதைப் படிச்சவங்க யாராவது உயிரோட இருந்தா கேட்டுப் பாருங்க. ஆனா மேடையில கேக்காதீங்க. கேட்டா நானும் போயிடுவேன், வட்டமும் போயிடும், உங்க நாற்காலியும் போயிடும்."

வீட்டில் வடிவாம்பாள் வேறு மாதிரி சொன்னாள். "காடே திரண்டு வரும். ஒருத்தராவது அந்தப் பழைய புத்தகத்தைப் படிச்சிருக்க மாட்டாங்களா? வெக்கப்படாம கேளுங்க. அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல." அவருக்கும் இறங்கவில்லை. கேட்டுவிடுவது என்றுதான் அவர் விழாவுக்குப் புறப்பட்டார்.

விழா கோலாகலமாக நடந்தது. வரவேற்புரை, அறிமுகவுரை, முன்னிலை வகித்தவரின் உரை எல்லாம் ஆயின. எல்லாரும் 'நேரமின்மை காரணமாக' நூலுக்குள் போகவில்லை. கரடி எழுந்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மூன்றாம் பாகத்தில், குட்டி வெள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறபோது, திடீரென்று சுக்கு, மிளகு, பெருங்காயம் வருகிறது" என்றார். 'இது எப்படி நடந்தது தெரியுமா?' என்பது அடுத்த வாக்கியம். அதற்காக மூச்சு வாங்கினார்.

மூச்சு வாங்கியதுதான் தவறு. "ஆகா!" என்றார் புலவர் ஏகாம்பரம். கூட்டம் கை தட்டியது. "நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அந்தச் சுக்குதான் நூலின் உயிர்" என்றார் கொக்கு. "துயரத்தின் நடுவே மருந்து! என்ன மேதைமை!" என்று ஒரு குரங்கு கூவியது. முன்வரிசையில் இருந்த காட்டெருமை தன் இனத்துக்குக் காவியத்தில் இடம் கிடைத்ததை எண்ணித் தேம்பியது.

கை தட்டல் கொஞ்சம் அடங்கியபோது, கடைசி வரிசையில் ஒரு கிழட்டு ஆமை எழுந்து நின்றிருப்பதைக் கரடி பார்த்தார்.

"அங்க… சுக்கு… இல்லையே" என்றது ஆமை. "நான்… பழைய… புத்தகத்துல… படிச்சேன்… அந்தக் குட்டி…"

கரடிக்குத் தெளிவாகக் கேட்டது. மேடையில் வேறு யாரும் காதில் வாங்கவில்லை. 'அந்தப் பெரியவர் பேசட்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆந்தை பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார். "ஐயா சொல்லட்டும், ஐயா சொல்லட்டும்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஐயா சொன்னார். "ஆமாம், அந்தச் சுக்குதான் இந்த நூலின் உச்சம். ஒவ்வொரு மறுவாசிப்பிலும் எனக்கு அங்கேதான் கண்ணீர் வருகிறது."

அதற்கு மேல் ஒரு மணி நேரம் பெருங்காயத்தைப் பற்றியே பேசினார். பேச்சு அருவியாகக் கொட்டியது. 'காவியக் கடல்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஆமை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. அது அடுத்த வார்த்தைக்கு வாய் திறப்பதற்குள் நன்றியுரை முடிந்து போண்டா வந்துவிட்டது.

வீட்டு வாசலில் வடிவாம்பாள் காத்திருந்தாள். பொன்னாடையை அவள் பார்க்கக்கூட இல்லை.

"கேட்டீங்களா? புள்ள பொழைச்சுதா?"

"கேட்டேன்" என்றார் கரடி. "யாருக்கும் தெரியலை."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும்."

வடிவாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். கரடிக்கும் அழுகை வந்தது. ஆனால் வெளியே வட்டத்து ஆட்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களை வரவேற்கப் போனார்.

நீதி: புகழ்பெற்ற நூலைப் படிக்காமல் புகழ்ந்தால் பொன்னாடை கிடைக்கும். படித்துவிட்டுப் புகழ்ந்தாலும் அதே பொன்னாடைதான். ஆகவே வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.