சங்கு ஊதாத ஆறு கிழமை

உலகத்தில் ரகசியம் என்ற ஒன்றை வைத்துக்கொள்ளவே முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் சங்கு அண்ணன்தான். குணத்தில் குறை இல்லை. தொண்டை அப்படி. இலங்கை மலைநாட்டில், ஹட்டன்-பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டர். நோர்வூட்டில் நின்று "பொகவந்தலாவ! பொகவந்தலாவ!" என்று அவர் கூப்பிட்டால், ஊரே எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிடும் போலிருக்கும். ஒரு முறை தேயிலை ஃபேக்டரியின் சங்கு பழுதாகிக் கிடந்தது. அந்த நாட்களில் இவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவியிடம் விடைபெறும் சத்தத்தைக் கேட்டே எங்கள் தோட்டத்தில் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். பெயர் அன்று ஒட்டியது. சொந்தப் பெயர் என்னவென்று ராசாத்தி அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம், அவர்தான் மனைவி.

நான் பள்ளிக்கூட டீச்சர். தோட்டத்து வரிசை வீடுகளில், அதே லயத்தில் அடுத்த காம்பரா. தினமும் அவர் பஸ்ஸில்தான் பயணம். அக்காவுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு நாள் அவர் டிரைவரின் காதில் குசுகுசுத்தார். அன்று மத்தியானத்துக்குள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஏழு பேர் கைவைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. மெனிக்கே என்றொரு நாய்தான் இருந்தது. யாரோ பஸ் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் பெட்டியில் வைத்து விட்டுப்போன குட்டி. "பெட்டி யாரோடது?" என்று மூன்று நாள் கத்தினார். யாரும் வரவில்லை. வளர வளர அதன் உடம்பு நீளத்துக்குப் போனதே தவிர, கால் நாலு அங்குலத்தோடு நின்றுவிட்டது. பதுளைக்குப் போகிற ரயிலின் பெயரை அதற்கு வைத்தார். பொருத்தமான பெயர்தான், நடுப்பகுதி வாசலைக் கடக்கும்போது தலை அடுப்படியில் இருக்கும்.

சாயங்காலம் கடைசி ட்ரிப்பில் எங்கள் லயத்து வளைவு வந்ததும் அண்ணன் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு "மெனிக்கே!" என்று ஒரு குரல் கொடுப்பார். அது இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து பாய்ந்து, கல்படிகளில் உருண்டு புரண்டு ரோட்டுக்கு ஓடி வரும். பஸ்ஸே அதைப் பார்க்கக் காத்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மழைநாள். அவர் கூப்பிட்டார். அது பாய்ந்தது. மூன்றாவது படியில் 'கீச்' என்று ஒரு சத்தம். பிறகு முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியை ஈரத்துணி போல இழுத்துக்கொண்டு, அப்படியும் அவரை நோக்கி வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ஹட்டனில் ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். "டீச்சர், நீங்களும் வந்து சொல்றத எழுதிக்குங்க, எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு" என்று என்னையும் கூட்டிக்கொண்டார். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. மெனிக்கேயின் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். அது திரும்பி முறைத்தது.

"வலி தெரியுது. அது நல்லது" என்றார். "முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி தட்டு இருக்கு. ஒண்ணு பிதுங்கி நரம்பை அமுக்குது. இப்ப ஒப்பரேஷன் இல்லாம பார்ப்போம். உணர்வு போச்சுன்னா உடனே கொண்டு வாங்க. ஆறு கிழமை, நாப்பத்திரண்டு நாள், கூட்டுக்குள்ள படுக்க வேணும். ஓட வேணாம், பாய வேணாம், படி வேணாம். சந்தோசமும் வேணாம்."

"சந்தோசமுமா டொக்டர்?"

"சந்தோசம் கூடினா எழும்பப் பார்க்கும். முதுகு இன்னும் கெடும்."

அண்ணன் தலையை ஆட்டினார். மெனிக்கேயின் சந்தோசம் எங்கேயிருந்து வருகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தொண்டையிலிருந்து.

கோழிக்கூடு ஒன்றைக் கழுவி, பழைய பஸ் சீட்டின் மெத்தையை உள்ளே போட்டார்கள். முதல் நாள் அண்ணன் கூட்டுக்கு முன்னால் குந்தி, தன்னால் முடிந்தவரை குரலைத் தாழ்த்தி "படும்மா" என்றார். தகரக் கூரை அதிர்ந்தது. மெனிக்கே எழும்பத் துடித்தது.

"அண்ணே, மெதுவா" என்றேன்.

"மெதுவாத்தானே சொல்றேன் டீச்சர்!"

அந்த ஆறு கிழமையில் அதுதான் அந்த வீட்டில் அவர் பேசிய கடைசி வார்த்தை. அடுத்த நிமிஷத்திலிருந்து சைகைதான். சோறு வேண்டுமென்றால் தட்டைக் காட்டுவார். உப்பு போதாதென்றால் முகத்தைக் காட்டுவார். "இத்தன வருஷமா கும்புட்ட மாரியாத்தா இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்கா" என்று ராசாத்தி அக்கா என்னிடம் சொன்னார். நாலாம் நாள் அதே அக்கா, "என்னமோ எழவு வீடு மாதிரி இருக்கு டீச்சர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தீபாவளிக்குக்கூட லீவு எடுக்காதவர் இரண்டு கிழமை லீவு போட்டார். வயிற்றுக்கு அடியில் துவாய்த் துண்டைக் கொடுத்து, பின்பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனிக்குள் குனிந்தபடி மெனிக்கேயை வெளியே கொண்டுபோவார். தானாகச் சிறுநீர் போகாததால் அடிவயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். டொக்டர் காட்டிக்கொடுத்ததை அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நானும் பழகினேன். பட்டப்படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பத்தாம் நாள் காலை, யாரும் அமுக்காமலே மெனிக்கே தானாகப் போனது. அண்ணனின் முகம் வீங்கிச் சிவந்தது. துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்படியும் தாங்கவில்லை. மெனிக்கேயைக் கூட்டில் விட்டுவிட்டுத் தேயிலை மலைக்குள் ஓடினார். உச்சியில் போய் நின்று, பத்து நாள் அடைத்து வைத்திருந்ததை ஒரே கத்தாகக் கத்தினார்.

மேல் மலையில் பெண்கள் சிறுத்தை என்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ராசாத்தி அக்காதான், "ஓடாதீங்கடி, அது எங்க வீட்டுச் சிறுத்த!" என்று தடுத்தார்.

கங்காணி மூச்சிரைக்க வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"மூத்திரம் போயிருச்சுங்க!"

கங்காணி அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்றாம் கிழமை அண்ணன் வேலைக்குத் திரும்பினார். பஸ்ஸில் வழக்கம்போலச் சங்குதான். ஆனால் எங்கள் லயம் கண்ணில் படுவதற்கு ஒரு மைல் முன்னாலேயே வாய் மூடிக்கொள்ளும். கோயிலடியில் இறங்க வேண்டிய பெரியவர் ஒருவர் அடுத்த தோட்டம் வரை போய்விட்டார். "ஏன்யா, வாயில கொழுக்கட்டையா?" என்று திட்டினார். அண்ணன் பதில் சொல்லாமல் கும்பிட்டார். விஷயம் தெரிந்த பிறகு அந்த ஒரு மைலுக்குப் பயணிகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டிரைவர் பாட்டை அணைத்துவிடுவார்.

நாலாம் கிழமையும் மெனிக்கே நிற்கவில்லை. துவாயில் பிடித்து நிறுத்தினால் பின்னங்கால் பின்னிக்கொள்ளும். ஒரு சாயங்காலம் அண்ணன் என் வாசலுக்கு வந்து, மழைச் சத்தத்தின் மறைவில் பேசினார்.

"டீச்சர், நான் கூப்பிட்டதாலதானே பாய்ஞ்சிச்சு?"

"இல்லண்ணே. குட்டக்கால் நாய்களுக்கு அந்தத் தட்டு தானாவே தேயுமாம். பாயில இருந்து எழும்பும்போதுகூட நடந்திருக்கும்னு டொக்டர் சொன்னாங்களே."

"சொன்னாங்க. ஆனா பாயில இருந்து எழும்பலயே. என் சத்தத்துக்குத்தானே பாய்ஞ்சிச்சு. கால் போன பொறகும் என்கிட்டத்தானே வந்திச்சு."

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குப் பதில் சொல்கிறவள் நான். அவருக்குத் தேத்தண்ணிதான் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை. அக்கா துவாயைப் பிடித்திருந்தார். திடீரென்று, "ஏங்க, துவாய் லேசாயிருச்சு" என்றார். பாரம் கையில் இல்லை. மெனிக்கே நின்றுகொண்டிருந்தது. கள்ளுக் குடித்தவனைப் போல ஆடியது, மூன்றடி வைத்தது, உட்கார்ந்துவிட்டது. இந்த முறை அண்ணன் கத்தவில்லை. மலைக்கும் ஓடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆறு கிழமை முடிந்து டொக்டர் பார்த்தார். நடக்கும், ஆனால் பழைய ஓட்டம் வராது, இனி ஒருபோதும் பாயவிடக் கூடாது என்றார். கல்படியின் மேல் பலகைச் சரிவு ஒன்றை அண்ணன் அடித்துப் போட்டார். வழுக்காமல் இருக்கச் சாக்கு ஒட்டினார். மெனிக்கே இப்போதும் பின்பாதி ஒரு பக்கம், முன்பாதி ஒரு பக்கமாகத்தான் நடக்கிறது.

இப்போது ஃபுட்போர்டில் தொங்கிக் கூப்பிடுவது கிடையாது. பஸ்ஸை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்தி இறங்கி, சத்தமில்லாமல் சரிவில் ஏறி வருவார். இஸ்தோப்பில் மெனிக்கேயின் பக்கத்தில் குந்தி, அதன் நீளக் காதை விலக்கி, ஏதோ சொல்வார். எங்களிடம் வராத அந்த மெல்லிய குரல் அதனிடம் மட்டும் எப்படியோ வருகிறது. நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். எங்கே எனக்குக் கேட்டுவிடுமோ என்று, அந்த நேரம் மட்டும் நான் என் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.