ஷட்டவுன் அண்ணாச்சியின் உபயதாரர்கள்

ராஜபாளையத்தில் கரண்டு போனால் சந்தோஷப்படுகிற ஒரே மனுஷன் எங்கள் தெரு ஷட்டவுன் அண்ணாச்சிதான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டால் ஊரே திட்டும். அண்ணாச்சி மட்டும் முகம் மழித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அண்ணாச்சியோ யூடியூபில் எக்செல் சொல்லிக்கொடுப்பவர். தறி நின்றால்தான் அவர் வாயைத் திறக்க முடியும். அவர் கணக்கு எழுதுகிற பேண்டேஜ் துணி கம்பெனிக்கும் அன்றைக்கு லீவு. பழைய லேப்டாப்பில் முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவைத்து, பேட்டரி தாங்குகிற வரை பாடம் நடத்துவார்.

பாடம் என்றால் சாதாரணப் பாடமா? "ஏலே, அந்த டாலர் குறியப் போடுலே! போடலைன்னா ஃபார்முலா இழுத்த இழுப்புக்கெல்லாம் ஓடிப் போயிரும்!" என்று கேமராவைப் பார்த்து அதட்டுவார். பார்க்கிறவர்கள் பயந்துபோய்ப் போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை கூமாப்பட்டி விவசாயி ஒருவர், தேங்காய்க் கணக்கு ஏற்றப் படிக்கிறவர், 'எனக்கு டைப் அடிக்க நேரமாகுது அண்ணாச்சி' என்று கமெண்ட் போட்டுவிட்டார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள் என்று பதில் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி அப்படிச் சொல்வாரா? அன்றிலிருந்து ஒவ்வொரு படியிலும், "கூமாப்பட்டிக்காரவிய முடிக்கட்டும், செத்த நேரம் பொறுப்போம்" என்று காபியை ஆற்றிக் குடித்தபடி கேமராவையே பார்த்திருப்பார். நாங்களும் வேறு வழியில்லாமல் அவரையே பார்த்திருப்போம்.

இப்படி இருக்கையில் லேப்டாப் இழுத்துக்கொண்டு கிடந்தது. இன்னும் ஒரு வீடியோ தாங்கினால் பெரிசு என்று ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்போது நான் அண்ணாச்சி வீட்டில் இருந்தேன்.

"புதுசு வாங்க வீட்டுல வழி கிடையாது. பாக்குற சனங்ககிட்டயே கேளுங்க. இல்லாட்டி சேனலை மூடிட்டு வேற சோலியப் பாருங்க" என்றார் அவர் மனைவி.

"வாத்தியாரு கை நீட்டலாமாட்டி?"

"கோயில் கொடைக்கு வீடு வீடா வரி கேக்கையில மட்டும் இந்தக் கை எங்க போச்சாம்?"

சேனலை மூடு என்ற வார்த்தைக்கே அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த ஷட்டவுனில், பாடத்தை முடித்துவிட்டுக் கடைசியில் கேட்பதாக ஏற்பாடு. பேட்டரி தீரப்போகிறதென்று நான் வாட்சைத் தட்டிக் காட்டினேன். மனைவி கண்ணால் மிரட்டினார். அவரோ கூமாப்பட்டிக்காரருக்காக நிதானமாகக் காபி ஆற்றினார். ஒருவழியாகப் பாடத்தை முடித்து, தொண்டையைச் செருமினார்.

"நேயர்களே, இந்த சேனல் தொடர்ந்து நடக்கணும்னா, உங்ககிட்ட நான் ஒரு சின்ன..."

லேப்டாப் கண்ணை மூடிவிட்டது.

ரிப்பேர் கடைக்காரர் அதன் வயிற்றைத் திறந்து அந்த வீடியோவை மட்டும் மீட்டுக் கொடுத்தார். போனிலாவது வீடியோ எடுத்து இன்னொருமுறை கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஒருதரம் கேட்டா உதவி. ரெண்டாந்தரம் கேட்டா பிச்சை" என்று அப்படியே ஏற்றிவிட்டார்.

கமெண்டில் ஒரே ரகளை. 'ஒரு சின்ன என்ன அண்ணாச்சி?' 'சின்ன சந்தேகமா?' ஒருத்தர் 'சின்ன வீடா?' என்று கேட்டுவைக்க, அண்ணாச்சிக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கிடைக்கவில்லை.

கடைசியில் கூமாப்பட்டிக்காரர் வந்தார். 'அவிய உதவிதான் கேக்க வந்திருக்காவ. எனக்காகப் பொறுத்துப் பொறுத்துத்தான் பேட்டரி போச்சு. சேனல்ல இருக்குற நம்பருக்கு என் பங்கை அனுப்பிட்டேன். நீங்களும் அனுப்புங்கப்பா.'

அவ்வளவுதான். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் மாணவர்கள் வசூல் பண்ணி அனுப்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக் கணக்குப்பிள்ளை பணத்தோடு பால்கோவாவும் அனுப்பினார். துபாயிலிருந்துகூட வந்தது. நானும் என் பங்கைப் போட்டேன். "எம்புட்டுப் பேருட்டி! போனு கீழ வைக்க விடமாட்டேங்குதே!" என்று அண்ணாச்சி வீடெல்லாம் ஓடினார். புது லேப்டாப்புக்கு மாலை போட்டு, ஆட்டோவில் வைத்துத் தெருவைச் சுற்றினோம். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

புது லேப்டாப்பில் முதல் வீடியோ. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பேரை லைட்டின் மேலேயே பெயிண்டில் எழுதுவார்கள். பேர் பளிச்சென்று தெரியும், வெளிச்சம்தான் வராது. அண்ணாச்சியும் அதையே செய்திருந்தார். எக்செல்லில் கட்டத்துக்குக் கட்டம் 'உபயம்' என்று பேரும் ஊரும். ஃபார்முலா எழுத ஒரு கட்டம் மிச்சமில்லை.

"பாடத்தையே காணோமே?" என்று வீடியோவுக்குள்ளேயே மனைவியின் குரல் கேட்டது.

"பாடம் எங்கட்டி போயிரும்? அடுத்த ஷட்டவுனுக்கு வரும். இன்னைக்கு இவியளப் பாக்கட்டும்" என்றவர், ஒவ்வொரு பேராக, ஊரோடு சேர்த்து, ஒன்று விடாமல் வாசித்தார்.

ஒரு பாடமும் இல்லாத அந்த வீடியோவை நான் முழுசாகப் பார்த்தேன். என் பேரை அவர் வாசித்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பேரை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.