இச்சி, நீ, சான், சீ

பாடாங் செராய்,
2603 மார்ச் 20.
(இது ஜப்பான் கணக்கு; நம் பழைய கணக்கில் 1943.)

மதிப்புக்குரிய அத்தான் செல்லப்பா அவர்களுக்கு, மைத்துனன் துரைசிங்கம் வணங்கி எழுதுவது. மரவள்ளிக்கிழங்கின் தயவால் இங்கு நலம். அங்கும் அதன் தயவு இருக்குமென்று நம்புகிறேன்.

"ஜப்பான்காரன் முத்திரை இல்லாமல் உன் பள்ளிக்கூடம் மாதக் கடைசியைத் தாண்டாது, மூடிவிட்டுக் கிழங்கு நடு" என்று எழுதியிருந்தீர்கள். முத்திரை கிடைத்துவிட்டது அத்தான்! சிவப்பு முத்திரை! உள்ளங்கை அகலம்!

இந்த வருடம் தேறும் நால்வரைத் தாங்கள் பார்க்க வேண்டும். இருளப்பன் சிடாம் கிரியிலிருந்து நடந்து தினமும் தாமதமாக வருவான்; சொன்ன காரணத்தை மறுபடி சொன்னதில்லை. மனோகரனின் கையெழுத்தை அவனாலேயே வாசிக்க முடியாது, மனக்கணக்கில் என்னையே திருத்துவான். குணவதி செய்யுளை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பிரேமாவதியின் வாய்க்கு நானே பயம். இவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்காமல் கதவைச் சாத்துவதா? தோட்டங்களைப் பார்வையிட அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும், ஜப்பான் எண்களை வரிசையாகச் சொல்லப் பழக்கினேன். இருளப்பன் "இச்சி" என்றான். மனோகரன் "நீ" என்றதும் குணவதி, "என்னையப் போயி நீங்கிறான் சார்! நான் இவனுக்கு அக்கா லா!" என்று அழுதாள். அவளைத் தேற்றி "சான்" சொல்ல வைத்தால், நாலாவது எண் "ஷி". நம் பிள்ளைகள் வாயில் அது "சீ". பிரேமாவதி மறுத்துவிட்டாள். "பெரிய மனுசனப் பாத்துச் சீன்னா எங்கம்மா வாயில மொளகா தேய்க்கும் சார்!"

நேற்று அதிகாரி வந்தார். பிள்ளைகள் பள்ளிக் கொட்டகை வாசலில் நின்றார்கள்; பின்னால் அடுத்த வீட்டு அழகம்மாவின் நாலு ஆடுகள் வழக்கம்போலக் கட்டப்பட்டிருந்தன. "இச்சி!" "நீ!" "சான்!" பிரேமாவதி அவர் முகத்துக்கு நேராக, ஒரு வருட அரிசிப் பஞ்சத்தையும் சேர்த்து, "சீ!" என்றாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார் அத்தான்! பிறகு பிள்ளைகள் நின்ற பக்கம் கைகாட்டி நீளமாக ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் "ஹாய்", அதாவது ஆமாம். ஏழு முறை சொன்னேன். தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மாலையில் சான்றிதழ் வாங்கும்போது குணவதி மறுபடி அழுதாள். நானும் அழுதேன், மறைக்க மாட்டேன்.

அக்கா சிவபாக்கியத்துக்கு என் அன்பு. தங்கள் கிழங்குத் தோட்டம் என் பள்ளியைப்போல் தழைக்கட்டும்.

தங்கள்,
துரைசிங்கம்

பின்குறிப்பு: கண்ணாடிச் சட்டம் போடத் தாளைச் சீனர் கடைக்குக் கொண்டுபோனேன். ஜப்பான் எழுத்தில் பாதி சீன எழுத்துதானாம். கடை முதலாளி தவுக்கே வாசித்துவிட்டு, "வாத்தியார், இது ஸ்கூல் இல்லே லா. அம்பாட் காம்பிங்!" என்றார். நாலு ஆடு கட்டி வளர்க்க அனுமதி! போகட்டும். ஆடுகள் வாசலில் நிற்கும்வரை கொட்டகையை யாரும் தொட முடியாது. உள்ளே திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பம். ஆனால் அழகம்மா ஓர் ஆட்டை விற்கப் போகிறாளாம். தங்கள் வீட்டு ஆடு ஒன்றை உடனே அனுப்பவும். எண்ணும்போது "சீ" குறையக் கூடாது.