எட்டு வினாடிச் சத்தம்

அறுபதுகளில் யாரோ ஒருவர் கிடாரில் எழுப்பிய எட்டு வினாடிச் சத்தத்தை, ஒரு மாதத்துக்குள் என் வீட்டிலேயே எழுப்பிக் காட்டுகிறேன் என்று பைண்டர் கடையில் நான் சபதம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. வயிறு நிறைந்திருந்தால் மனிதனுக்கு இந்த மாதிரி வீரமெல்லாம் வரும்.

பைண்டர் என் நண்பர். புத்தகங்களுக்கு அட்டை கட்டுபவர். ஞாயிறுதோறும் அவர் கடையில் இருவரும் உட்கார்ந்து பழைய ராக் இசைத்தட்டுகளைக் கேட்போம். அன்று அவர் போட்ட தட்டில் முதல் எட்டு வினாடிக்குக் கிடார் மட்டும்தான். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு ஒன்று, அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படாமல் பாடினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம்.

“இதையெல்லாம் இனிமே யாராலயும் கொண்டு வர முடியாது” என்றார் பைண்டர்.

“சத்தம்தானே? ஒரு மாசம் டைம் கொடுங்க.”

“வரலைன்னா?”

“கிடாரை உங்ககிட்டயே கொடுத்துடறேன்.”

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் எதைப் பணயம் வைத்தேன் என்பது உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து என்னோடு இருப்பது அந்தக் கிடார் ஒன்றுதான். மற்றதெல்லாம், என் தலைமுடி உட்பட, கைவிட்டுப் போய்விட்டது.

நான் பல் செட் செய்கிறவன். பகலெல்லாம் தந்தம், சாயங்காலம் தந்தி. என் மனைவி காது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, “இப்ப கேக்குதா? இப்ப?” என்று சோதிக்கிற வேலை. ஆக, நான் வாய்த்துறை, அவள் காதுத்துறை. வீட்டுக்கு வந்ததும் இருவருக்கும் துறை மாறிவிடும்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். அந்தக் காலத்தில் சிலர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறிவிட்டு வாசித்தார்களாம். கிழிசல் அதிரும்போது அந்தக் கரகரப்பு வரும். என் பட்டறைக் கத்தியால் பழைய ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரை மூன்று இடத்தில் கீறி, கிடாரை அதோடு இணைத்தேன். பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே அக்ரிலிக்கில், ஈறு நிறத்தில், தந்தியை மீட்ட ஒரு பிக் வார்த்தேன். எதிரொலிக்குக் குளியலறை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, எட்டு வினாடியைப் பதிவு செய்தேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் காது எனக்கு வேணும்” என்றேன்.

“ஒண்ணு போதுமா, ரெண்டும் வேணுமா?”

“ரெண்டும்.”

துணியை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் பைண்டரின் தட்டிலிருந்து நான் பதிந்துகொண்டு வந்ததைக் கேட்டாள். பிறகு என்னுடையதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பதினோரு வருடத்தில் நான் எழுப்பிய எந்தச் சத்தத்தையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

“கிட்ட வந்துட்டீங்க.”

“அப்படின்னா வரலை.”

“கிடாரைக் குத்தம் சொல்ல முடியாது. பின்னாடி என்னமோ இருக்கு.”

“என்னது?”

“பொண்டாட்டியா சொல்லட்டுமா, ஆஸ்பத்திரிக்காரியா சொல்லட்டுமா?”

“ஆஸ்பத்திரிக்காரியாவே சொல்லு.”

“குழாய் சொட்டுது.”

அந்தக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. பொண்டாட்டியாக அவள் அதை இருநூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நிபுணராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே வாஷரை மாற்றினேன்.

மறுபடி பதிவு. மறுபடி கண்ணை மூடினாள்.

“சொட்டு போயிடுச்சு. ஆனா குளியலறை ரொம்பச் சின்னது. போன சத்தம் மூச்சுகூட வாங்காம திரும்பி ஓடி வருது. பின்னறையில வாசிச்சா எப்படி?”

பின்னறையில் வாசிக்கலாம்தான். உள்ளே போக முடிந்தால். கிழிந்த மெத்தை, ஓடாத மின்விசிறி, என்றைக்காவது படிக்கலாம் என்று வைத்த பத்திரிகைகள். இதெல்லாம் போக எட்டுப் பெட்டி நிறைய தாடைகள். பயப்பட வேண்டாம். பல் செட்டுக்காக என் வாடிக்கையாளர்களின் வாயில் எடுத்த பிளாஸ்டர் அச்சுகள். திரும்ப யாராவது வந்தால் உதவுமே என்று ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. பெட்டி நடுவே ஒற்றைக்காலில் நின்று வாசித்துப் பதிவு செய்தேன்.

“சத்தம் அமுங்கிப்போகுதே” என்றாள்.

“ஏன்?”

“இத்தனை பேர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா? பாதியை அவங்களே முழுங்கிடறாங்க.”

பிளாஸ்டர் சத்தத்தை உறிஞ்சும் என்று விளக்கினாள். நிபுணர் சொன்னால் மறுக்க முடியுமா? சனிக்கிழமை முழுக்க அறையைக் காலி செய்தேன். என் தொழில் வாழ்க்கை மொத்தமும் வாயைப் பிளந்தபடி வண்டியேறிப் போனது.

அடுத்த ஞாயிறு பைண்டர் விசாரித்தார். “என்ன, வந்துச்சா?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

“கிடாருக்கு உறை இருக்கா? இல்லைன்னா நான் ஒண்ணு தைச்சு வெச்சிடறேன்.”

அந்தக் கிண்டலோடு திரும்பி வந்து வாசித்தால், கதவுக் கீல் முனகுவதாக மனைவி கண்டுபிடித்தாள். எண்ணெய் விட்டேன். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுப்பதாகச் சொன்னாள். இறுக்கினேன். அதற்கப்புறம் சுவர்.

“காரை பேர்ந்து கிடக்குது பாருங்க. சத்தம் போய் மோதித் திரும்பும்போது சிராய்ச்சுக்குது.”

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பொறி தட்டியது. “உண்மையைச் சொல்லு. இதெல்லாம் நிஜமாவே சத்தத்துக்காகத்தானா?”

அவள் கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி, ஒயரை அழகாகச் சுற்றி, என் கையில் வைத்தாள்.

“நானா எதையாவது செய்யச் சொன்னேனா? நீங்க கேட்டீங்க, சொன்னேன். பிடிக்கலைன்னா விடுங்க. இனிமே கேக்கலை.”

உண்மைதான். அவள் எதையும் செய்யச் சொல்லவில்லை. நான்தான் தினமும் ஆறு மணிக்கு ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்காக. சத்தம் வராவிட்டால்கூடப் போகிறது, அந்த ஐந்து நிமிஷம் போய்விடுமே என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“சரி, சரி. என்ன கலர் அடிக்கட்டும்?”

“சத்தத்துக்கு ஏது கலர்?” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “ஆனா வெளிர் நீலம் நல்லாத் திருப்பும்.”

நம்பினேன். மூன்று நாள் லீவு போட்டுக் காரை பூசி, தேய்த்து, நீலம் அடித்தேன்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், அந்த நீல அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். அவள் மூன்று முறை கேட்டாள். கண்ணைத் திறந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“வந்துடுச்சு” என்றாள்.

பல் செட் செய்கிறவன், சொந்தப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தேன்.

மறுநாள் பைண்டரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். தட்டின் எட்டு வினாடியையும் என் பதிவையும் பைண்டர் மாற்றி மாற்றிக் கேட்டார். முகம் மெல்ல மெல்லத் தொங்கியது.

“நான் தோத்துட்டேன்யா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாழ்க்கையில் என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை என்பதால், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

பைண்டரின் மனைவி மட்டும் ஹெட்போன் பக்கமே போகவில்லை. நீலச் சுவரைத் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். குளியலறைக் குழாயைத் திருகி, நிறுத்தி, அடியில் உள்ளங்கையை நீட்டி வைத்துக் காத்திருந்தார். பிறகு என் மனைவியோடு சமையலறைக்குள் போனவர், ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இசையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போனால், பைண்டர் கடை பூட்டியிருந்தது. உடம்புக்கு என்னவோ என்று வீட்டுக்கே போனேன். ஏணி மேல் நின்று பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். தலையெல்லாம் ஒட்டடை. கீழே அவர் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பைண்டர் இது?”

“டிரம்ஸ்யா” என்றது பரணுக்குள்ளிருந்து குரல். “அதே தட்டுல கிடாருக்கு அப்புறம் ஒரு டிரம்ஸ் வருமில்ல? அவர் கிடாரைக் கொண்டு வந்தாரே, நீங்க அதைக் கொண்டு வரக் கூடாதான்னு இவதான் சொன்னா. வாடகைக்கு ஒண்ணு எடுத்து, பத்து நாளா வாசிக்கிறேன். கிட்ட வந்துட்டேனாம்.”

“அப்புறம்?”

“பரண்ல கிடக்கிற பழைய பாத்திரமெல்லாம் கூடவே அதிருதாம். அதை இறக்கிட்டா வந்துடுமாம்.”

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டம்மாவுக்குச் சத்தத்தைப் பத்தி எப்படித் தெரியும்?”

“அன்னிக்கு உங்க வீட்டுல கத்துக்கிட்டாளாம்யா. ஒரு மணி நேரத்துல. கெட்டிக்காரி” என்றார் பைண்டர் பெருமையாக.

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வீட்டில் நீல அறையின் ஜன்னலோரம் என் மனைவி நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். மேஜை, விளக்கு, அவள் புத்தகங்கள் எல்லாம் எப்போது அங்கே குடியேறின என்று எனக்குத் தெரியவில்லை. என் கிடார் வராந்தாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றேன். “அந்தச் சத்தம் நிஜமா என்னிக்கு வந்துச்சு?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“சத்தம் முதல் நாளே சரியாத்தாங்க இருந்துச்சு. வீடுதான் சரியா இல்லை.”