இரட்டை மூளையும் ஒரே விசைப்பலகையும்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போனதில்லை. அதனால்தான் அவ்வளவு காலம் பிடித்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் அதிகாரி அரைநாள் வகுப்புக்குப் போனார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் டூயல்-கோர் என்னும் மகா தத்துவம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் காலை ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து விளக்கினார்.

"புதுக் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு மூளை. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சும்மா இருக்காது. அப்போ அதுக்கு முன்னால எத்தனை பேர் உட்காரணும்?"

பெட்டியைத் தூக்கி வந்த மெக்கானிக் வாயைத் திறந்தார். "சார், அது ஒருத்தர் வேலையே தேங்காம ஓடறதுக்கு. ஒரு பக்கம் பிரிண்ட் போயிட்டிருக்கும், அப்பவே நீங்க டைப்பும் அடிக்கலாம்."

"நீ வகுப்புக்கு வந்தியா?"

மெக்கானிக் வந்திருக்கவில்லை. ஆகவே அவர் சொன்னது தவறு என்று 'தீர்மானிக்கப்பட்டது'.

பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டும் 'உபரி' என்று ஓரங்கட்டப்பட்டன. புதியதன் முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். பிறப்புப் பிரிவு எழுத்தரும் இறப்புப் பிரிவு எழுத்தரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். அலுவலகத்தில் அவர்களுக்குப் பிறப்பக்கா, இறப்பண்ணன் என்றே பெயர்.

"அண்ணே, பேரை முடிச்சுக்கறேன். அதுவரைக்கும் கையை எடுங்க."

"சாவு யாருக்கும்மா காத்திருக்கு?" என்பார் அவர்.

மூன்றாம் நாள் ஒரு தையற்காரரின் பெண் குழந்தையைப் பதியும்போது, பிறப்பக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த இடைவெளியில் இறப்பண்ணன் தம் பக்கத்தைத் திறந்து, குழந்தையின் விவரம் அதிலும் அப்படியே நிற்பதைக் கவனிக்காமல் என்டரைத் தட்டினார். பதினொன்று பத்துக்குப் பதிவேட்டில் பிறந்த குழந்தை, பதினொன்று பதினொன்றுக்குப் பதிவேட்டில் போய்ச்சேர்ந்தது.

அடுத்த வாரம் தையற்காரரும் மனைவியும் குழந்தையோடு வந்து நின்றார்கள்.

"ஊசி போடப் போனோம்க்கா. செத்த குழந்தைக்கு ஊசி கிடையாதாம்."

செத்த குழந்தை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பிறப்பக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மூவரையும் அதிகாரியிடம் அழைத்துப் போனாள்.

அவர் குழந்தையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை நம்பினார்.

"அழுறதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. இறப்பை ரத்து பண்ணணும்னா இறந்தவங்க கையெழுத்து வேணும்."

"அவ இன்னும் பேனாவே பிடிக்கலையே சார்!" என்றார் தையற்காரர்.

"அவசரம் இல்ல. பிடிச்சதும் வரட்டும்."

"சார், என் பக்கத்தைப் பார்த்தாலே தப்புன்னு தெரியுமே" என்றாள் பிறப்பக்கா.

"ஒரு மூளை வேலையில இன்னொரு மூளை தலையிடக் கூடாது. அதுதாம்மா டூயல்-கோர்!"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாய் சத்தமில்லாமல் அழுதாள். பன்னிரண்டு வருஷ வேலையில் பிறப்பக்கா ஒரு பொய்ப் பதிவும் போட்டதில்லை.

"அண்ணே, போய் டீ குடிச்சிட்டு வாங்க."

இறப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து போனார். அவர் திரும்புவதற்குள் தையற்காரருக்கு 'இரட்டையரில் இளையவள்' பிறந்திருந்தாள்.

சான்றிதழை வாங்கிய தாய் தயங்கினாள். "அப்ப மூத்தவ?"

"அவ செத்தவளாவே இருக்கட்டும்மா. நீ இவளைப் பார்த்துக்கோ."

வருஷக் கடைசியில் அலுவலகத்துக்குப் பாராட்டு வந்தது. பிறப்பும் கூடியிருந்தது, இறப்பும் கூடியிருந்தது, கம்ப்யூட்டர் மட்டும் குறைந்திருந்தது! மேலதிகாரி நேரில் வந்து, புதுக் கருவியின் பயனை ஊழியர் ஒருவரே சொல்லட்டும் என்றார். பிறப்பக்கா எழுந்தாள்.

"ஐயா, முன்னாடியெல்லாம் ஒருத்தர் பிறந்து சாக அறுபது எழுபது வருஷம் ஆகும். எங்க ஆபீஸ்ல இப்ப ஒரே நிமிஷம்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் அதிகாரிதான். அவருடைய இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்து அந்த அலுவலகம் பார்த்தது அன்றுதான்.